மருத்துவத் துறையும் நம் இல்லத்து முதற் பட்டதாரியும்

மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளையை அழைத்து, "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று வினவினால், "டாக்டர்" அல்லது "நர்ஸ்" என்ற விடையே பல இல்லங்களில் வருகிறது. கொங்கு நாட்டின் நெசவாளர் குடியிருப்புகளிலும் தோட்டக் குடும்பங்களிலும் இவ்விருப்பம் மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. தறிக் குழியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து முதுகும் முழங்காலும் தளர்ந்த தந்தையையும், கண் மங்கிய பாட்டியையும், காய்ச்சலுக்காகப் பத்து மைல் பஸ் ஏறிச் சென்ற தாயையும் அப்பிள்ளை நேரில் கண்டு வளர்ந்திருக்கிறது. ஆதலின் அவ்விருப்பத்தை வீண் ஆசை என்று ஒதுக்குவது தகாது.

ஆயினும் விருப்பத்திற்கும் அதனை அடையும் வழிக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. பட்டதாரிகள் உள்ள வீட்டில், எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதைச் சிற்றப்பாவோ அத்தையோ உணவு உண்ணும் நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கப்போகும் பிள்ளைக்கு அவ்வாறு சொல்ல எவருமில்லை. அறிவுக் குறைவாலன்று, காலத்தில் கிடைக்க வேண்டிய செய்தி கிடைக்காமையாலேயே பல பிள்ளைகள் பின்தங்குகின்றனர். அச்செய்திகளுள் முக்கியமானவற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளும்பொருட்டு இங்கே தொகுத்துக் கூறுவோம்.

முன்னிருந்த நிலை

சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835-ஆம் ஆண்டு. மதுரையில் மருத்துவக் கல்லூரி 1954-இல் தோன்றியது. கோவைக்கு அந்த வாய்ப்பு 1966-இல்தான் வந்தது. அதற்கு முன் கொங்கு நாட்டு மாணவர் மருத்துவம் பயில வேண்டுமெனில் சென்னைக்கோ, வேலூருக்கோ, மதுரைக்கோ, தஞ்சைக்கோ செல்ல வேண்டும். வெளியூரில் ஐந்தாண்டுகளுக்கு மேல் பிள்ளையை வைத்துப் படிக்கவைக்க நெசவாளர் எத்தனை பேருக்கு இயலும்?

இன்று அந்நிலை மாறியிருக்கிறது. காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் மாணவர், அவினாசி சாலையிலுள்ள கோவை மருத்துவக் கல்லூரிக்கு நகரப் பேருந்திலேயே சென்றுவிடலாம். சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியும், பெருந்துறை, சேலம், கரூர் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி ஆகிய மாவட்டங்களின் கல்லூரிகளும் அடங்கும். கல்லூரி அருகில் வந்துவிட்டது. இனி அதனுள் நுழையும் வழியை நாம் அறிய வேண்டும்.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் கணக்கு

கைத்தறியில் பாவு ஓட்டும்போதே துணியின் நீளம் முடிவாகிவிடுகிறது. நெய்யத் தொடங்கிய பின் அதனை மாற்ற இயலாது. கல்வியிலும் அதுபோன்ற ஒரு முடிவு உண்டு. அதனை அறியாமல் பல குடும்பங்கள் நஷ்டமடைகின்றன.

அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்தா முதலிய இந்திய மருத்துவம், ஹோமியோபதி ஆகிய பட்டப் படிப்புகளில் 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2020-இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அரசுப் பள்ளியிலிருந்து அரசு ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி புகுந்தோர் ஒற்றை இலக்க எண்ணிக்கையினரே. சட்டம் நடைமுறைக்கு வந்த முதலாண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்துச் சுமார் 400 இடங்கள் அப்பிள்ளைகளுக்குக் கிட்டின. இச்சட்டம் செல்லும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவ்வொதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

இச்சலுகையின் நிபந்தனையை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. பிள்ளை நன்றாகப் படிக்கிறது, டாக்டராக்க வேண்டும் என்ற ஆர்வத்தால், ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் பலர். எந்த நோக்கத்திற்காகக் கடன் வாங்கினார்களோ, அந்த நோக்கத்திற்குரிய சிறந்த வாய்ப்பையே அச்செயலால் அவர்கள் இழக்கின்றனர். அரசு உதவி பெறும் பள்ளியும் இவ்வொதுக்கீட்டிற்கு அரசுப் பள்ளியாகக் கருதப்படுவதில்லை. தனியார் பள்ளிக்கு மாற்றுவது சில குடும்பங்களுக்குத் தக்கதாக இருக்கலாம். ஆனால் எதனை விடுத்து எதனைக் கொள்கிறோம் என்பதை அறிந்த பின்னரே மாற்ற வேண்டும்.

பதினோராம் வகுப்புப் பாடத் தேர்வு

அடுத்த முடிவு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில வாரங்களில் வருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களும் உள்ள பிரிவை எடுத்தவர்க்கே மருத்துவமும் பி.எஸ்ஸி. நர்சிங் முதலிய பெரும்பாலான பட்டப் படிப்புகளும் உரியன. தோழியர் சேர்ந்தனர் என்பதற்காகவோ, அருகிலுள்ள பள்ளியில் அதுதான் இருந்தது என்பதற்காகவோ உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்த பின், "டாக்டருக்குப் படிக்க வேண்டும்" என்று கூறுவதில் பயன் மிகக் குறைவு. தம் ஊர்ப் பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லையெனில், அடுத்த ஊர் அரசுப் பள்ளியில் சேர்க்க முயல வேண்டும்.

இன்னொரு செய்தி: மருத்துவம், நர்சிங் ஆகிய படிப்புகளின் பாடநூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ் வழியில் பயின்ற பிள்ளை முதலாண்டில் திகைப்பது இயல்பு. பதினோராம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழிப் பாடநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உடலுறுப்புகள், நோய்கள், வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் பெயர்களை இரு மொழியிலும் பழகினால் அத்திகைப்பு பாதியாகக் குறையும். தமிழில் கருத்தை நன்கு உணர்ந்தவர்க்கு ஆங்கிலப் பெயரைக் கற்பது சில மாத வேலையே.

நுழைவுத் தேர்வு

எம்.பி.பி.எஸ். படிப்பிற்கு இப்போது "நீட்" என்னும் அகில இந்தியத் தேர்வின் மதிப்பெண்ணே அடிப்படை. தமிழ்நாட்டில் அதற்கு முன் பல ஆண்டுகள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் கொண்டே இடங்கள் நிரப்பப்பட்டு வந்தன. 2017 முதல் நீட் நடைமுறையில் இருக்கிறது. இத்தேர்வு கிராமத்துப் பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் தடையாகும் என்ற வாதம் நம் மாநிலத்தில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வாதம் நடக்கட்டும். தேர்வு இருக்கும்வரை அதன் இயல்பை மாணவர் அறிந்தே ஆக வேண்டும்.

வினாக்கள் 180, மொத்த மதிப்பெண் 720. இவற்றுள் உயிரியலுக்கு மட்டும் 90 வினாக்கள், அதாவது 360 மதிப்பெண்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 45 வினாக்கள் வீதம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். தமிழில் எழுத விரும்புவோர் விண்ணப்பத்திலேயே அதனைக் குறிப்பிட வேண்டும். அவர்க்கு வழங்கும் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் உடன் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் தோன்றினால் ஆங்கில வடிவே முடிவானது. ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

முதல் முறையில் போதிய மதிப்பெண் பெறாதவர் மீண்டும் ஓராண்டு முயல்வதா என்பது குடும்ப நிலையை ஒட்டி முடிவு செய்ய வேண்டியது. அவ்வாறு முயல்வோரும் அதே ஆண்டில் பிற மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்பங்களை இட்டுவைப்பது விவேகம்.

தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையிடம் பெற்றோர் பேசும் முதற் சொல் மிக முக்கியமானது. அன்றைய தினம் வீட்டில் எழும் கோபமும், அயலார் கேட்கும் கேள்வியும் இளம் மனத்தை எவ்வளவு வருத்தும் என்பதைத் தமிழ்நாடு துயரத்தோடு கண்டிருக்கிறது. "இந்த வழி இல்லையெனில் வேறு வழி உண்டு" என்று சொல்ல வேண்டும். அச்சொல்லை உண்மையாகவே சொல்ல வேண்டுமெனில், அந்த வேறு வழிகளைப் பெற்றோர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையின் பிற வாயில்கள்

ஒரு மருத்துவமனை டாக்டரால் மட்டும் நடப்பதில்லை. துணி ஒன்று உருவாக நூற்பவர், சாயமிடுபவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர் எனப் பலர் வேண்டியிருப்பதைப் போல, நோயாளி ஒருவர் குணமடையப் பலருடைய கைகள் வேண்டும்.

பி.எஸ்ஸி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டப் படிப்பு. பொது நர்சிங் பட்டயப் படிப்பு 3 ஆண்டு. துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு இது அடிப்படை. மருந்தாளுநர் பட்டயம் 2 ஆண்டு, பட்டம் 4 ஆண்டு. இவையன்றிப் பரிசோதனைக்கூடம், எக்ஸ்-ரே, மயக்க மருந்து, அறுவை அரங்கு, சிறுநீரகச் சுத்திகரிப்பு, இயன்முறை மருத்துவம், கண்ணொளி அளவை ஆகியவற்றிற்கும் பட்டயங்களும் பட்டங்களும் உள்ளன. நர்சிங் முதலிய படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் தமிழ்நாட்டில் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வந்துள்ளன. விதிகள் மாறக்கூடுமாதலின், அவ்வவ்வாண்டின் விளக்கக் கையேட்டைப் படித்தே விண்ணப்பிக்க வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர் பணியின் அருமையை நம்மவர் நன்கு அறிவர். சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாட்டின் அளவுகோல். கருவுற்ற தாயின் பெயரைப் பதிவதும், குழந்தைக்குத் தடுப்பூசி இடுவதும், ஆபத்துக் குறியைக் கண்டு உரிய நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அங்குள்ள செவிலியரின் பொறுப்பு. ஊரில் உயிர் காக்கும் முதற் கரம் அதுவே.

இப்பணிகளில் இடர்ப்பாடுகளும் உண்டு. அரசு மருத்துவமனைச் செவிலியர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தெரிந்தெடுக்கிறது. தொடக்கத்தில் தொகுப்பூதியத்தில் பணியாற்றி, நிரந்தரமாவதற்குக் காத்திருக்க நேர்வதுண்டு. சிறு தனியார் மருத்துவமனைகளில் ஊதியம் குறைவாகவும் வேலை நேரம் மிகுதியாகவும் இருக்கலாம். இராப்பணியைக் கருதிப் பெண்மக்களை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் உளர். தங்கும் விடுதி, போக்குவரத்து, பணி நேரம் ஆகியவற்றை நேரில் சென்று விசாரித்து முடிவு செய்வதே முறை. அச்சத்தால் மட்டும் மறுப்பது அப்பெண்ணின் பன்னிரண்டாண்டுப் படிப்பை வீணாக்குவதாகும்.

ஓர் உழவர் மகனின் வரலாறு

விரும்பிய வழி அடைபட்டபோது வேறு வழியில் பெருந்தொண்டு செய்தவருக்கு டாக்டர் கோ. வெங்கடசாமி தக்க எடுத்துக்காட்டு. 1918-இல் தென்பாண்டிச் சீமையில் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாளும் பென்சிலும் இல்லாத பள்ளியில் ஆற்றுமணலில் எழுதிப் பழகினார். உறவுப் பெண்கள் மூவர் கருவுற்ற நிலையில் மருத்துவ உதவியின்றி மாண்டதைச் சிறுவயதில் கண்டு, தாம் மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என உறுதி கொண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்றார்.

பின்னர் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது கொடிய மூட்டுவாத நோய் அவரைப் பற்றியது. விரல்கள் கோணின, நெடுநாள் படுக்கையில் கிடந்தார். மகப்பேற்று மருத்துவம் என்ற எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. அவர் கண் மருத்துவம் பயின்று, கோணிய அவ்விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் அவர் மறைந்தபோது அது உலகறிந்த நிறுவனமாயிருந்தது.

அந்நிறுவனத்தின் கோவைக் கிளை 1997 முதல் அவினாசி சாலையில் நடைபெறுகிறது. அங்கே கண் அளவெடுப்பது, நோயாளியை அறுவைக்கு ஆயத்தம் செய்வது, அரங்கில் டாக்டருக்கு உதவுவது, வீட்டாருக்கு விளக்கிச் சொல்வது ஆகிய பணிகளில் பெரும்பகுதியைச் செய்வோர், மேல்நிலைப் படிப்பு முடித்து அந்நிறுவனத்திலேயே இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே. அவர்கள் அவ்வேலைகளைப் பிழையின்றிச் செய்வதனால்தான் டாக்டர் ஒருவர் ஒரே நாளில் பலருக்கு அறுவை செய்ய முடிகிறது. நம் பாட்டிமார் மீண்டும் ஊசியில் நூல் கோக்கும் பார்வை பெறுவதில் அப்பெண்களுக்கும் பங்குண்டு.

பணமும் சான்றிதழும்

குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர், அரசின் ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்லூரியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை பெறும் திட்டம் 2010-இல் தொடங்கியது. இதற்கு வருவாய்த் துறையின் "முதல் பட்டதாரி" சான்றிதழ் வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கே இச்சலுகை உண்டு. ஆதலின் மூத்த பிள்ளைக்கா இளைய பிள்ளைக்கா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் "புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயும் தொடங்கப்பெற்றன.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களையும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான தலைமையாசிரியர் சான்றையும் தேர்வு முடிவு வருமுன்னரே பெற்று வைக்க வேண்டும். முடிவு வந்த பின் இ-சேவை மையத்தில் எல்லோரும் ஒருசேரக் கூடுவர். விண்ணப்பத்தின் கடைசி நாளோ காத்திராது. பெயரின் முதலெழுத்தும் எழுத்துக்கூட்டும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஏமாற்றுவோர் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களே. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலோ பல இலட்சங்கள். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரை நம்பிக் காட்டையோ தறியையோ அடமானம் வைப்பது கூடாது. அரசு ஒதுக்கீட்டு இடத்தை எந்தத் தரகரும் வாங்கித்தர இயலாது. நர்சிங் பள்ளியில் சேருமுன், அது தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற நிலையத்தில் மூன்றாண்டு பயின்றாலும் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாதவர்க்குச் செவிலியர் பணி இல்லை.

வெளிநாட்டில் மருத்துவம் பயில விரும்புவோரும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். பட்டம் பெற்றுத் திரும்பிய பின் இந்தியாவில் தனித் தேர்வில் தேறினால்தான் தொழில் செய்ய இயலும். அத்தேர்வை எழுதுவோரில் பெரும்பகுதியினர் ஒரே முறையில் தேறுவதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டபோது, தமிழ்நாட்டு மாணவர் பலர் படிப்பை இடையில் விட்டுத் திரும்ப நேர்ந்ததையும் மறக்கலாகாது.

சங்கம் செய்யத்தக்கவை

பட்டதாரி வீடு தன் பிள்ளைக்குச் செய்வதை, பட்டதாரி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் செய்வது? சங்கமே செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. கூட்டுறவால் பெரிய காரியமும் இயலும் என்பதற்குப் பெருந்துறை மருத்துவக் கல்லூரியே சான்று. இன்று அரசுக் கல்லூரியாக விளங்கும் அது, அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பணப் பங்களிப்போடு சாலைப் போக்குவரத்து நிறுவனத்தால் நிறுவப்பட்டது. அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கென அங்கே இடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. பஸ் ஓட்டியவர்களும் டிக்கெட் கிழித்தவர்களும் சேர்ந்து ஒரு மருத்துவக் கல்லூரி எழக் காரணமாயினர்.

நம் சங்கங்கள் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. செலவு அதிகமில்லாத சில காரியங்களைச் செய்தால் போதும். ஐந்தாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகியவற்றில் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகளின் பட்டியலை ஆண்டுதோறும் எடுக்கலாம். ஏனெனில் முடிவு செய்ய வேண்டிய மூன்று கட்டங்கள் அவையே. சித்திரை, வைகாசியில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடத்தி, உள்ளூர்த் தலைமையாசிரியரையும் சுகாதாரச் செவிலியரையும் பேச அழைக்கலாம். முன்னரே நர்சிங்கோ மருத்துவமோ பயிலும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர், அடுத்து வருவோர் இருவருக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் பொறுப்பை ஏற்கச் செய்யலாம். விதிகள் இடங்கொடுக்கும் அளவில், பேரவையின் ஒப்புதலோடு, பொதுநல நிதியிலிருந்து விண்ணப்பக் கட்டணத்திற்கும் பழைய பாடநூல்களுக்கும் சிறு தொகை ஒதுக்கலாம். தரகரிடம் பணம் கொடுக்குமுன் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தலாம்.

இவ்வாண்டு வீட்டிலிருந்து ஒரு பெண் செவிலியராகப் பதிவு பெற்றுவிட்டால், அடுத்து வரும் தம்பிக்கும் தெருவிலுள்ள பிற பிள்ளைகளுக்கும் வழி சொல்ல ஒருவர் கிடைத்துவிட்டார். முதற் பட்டதாரி ஒருவரை உருவாக்குவது கடினம். இரண்டாமவருக்கு அவ்வளவு கடினமில்லை. ஆகவே பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளைகள் உள்ள அங்கத்தினர்கள், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இம்மாதமே பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு, மேற்கூறியவற்றைக் கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.